மட்டக்களப்பில் இருந்து கன்னியா: ஒரு பகல் கார்ப் பயணம், அரை மணி வெந்நீர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கன்னியா வெந்நீர்க் கிணறுகளை மட்டும் பார்ப்பதற்கென்று மட்டக்களப்பில் இருந்து கார் எடுத்துப் போனால் ஏமாந்துதான் வருவீர்கள். ஏழு சின்னச் சதுரக் கிணறு, சுற்றி ஒரு மதில், எந்நேரமும் ஈரமாகக் கிடக்கும் தரை, கையில் வாளியோடு நிற்கும் சனம், அவ்வளவுதான். அரை மணித்தியாலத்தில் எல்லாம் முடிந்துவிடும். படங்களில் பார்த்துவிட்டு நீச்சல் தடாகம் மாதிரி இறங்கிக் கிடக்கலாம் என்று நினைத்துப் போகிறவர்கள் வாசலிலேயே முகம் சுருங்கி நிற்பதைப் பார்க்கலாம். ஆனால் போகிற வீதியையும் சேர்த்து ஒரு நாளாகக் கணக்கெடுத்தால், கிழக்கு மாகாணத்தில் இதைவிட நல்ல ஒருநாள் பயணம் எனக்குத் தெரிந்து இல்லை. நூற்றுக்கு எழுபது வீதிக்கு, இருபது தண்ணீருக்கு, மிச்சம் பத்து வழியில் வாங்கும் தயிர்ச் சட்டிக்கு. இதுதான் என் கணக்கு.

கன்னியா இருப்பது திருகோணமலைக்குப் பக்கத்தில். மட்டக்களப்பில் இருந்து திருகோணமலைக்கு, நம் பேச்சில் திருமலைக்கு, ஏ15 வீதியில் ஏறக்குறைய 130 கிலோமீற்றர். பழக்கத்தில் பொலன்னறுவை, ஹபரணை என்று சுற்றிப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், ஏன் என்று கேட்டால் "கரையோர ரோட்டு சரியில்லயே" என்பார்கள். அது பழைய கதை. இப்போது காப்பட் வீதி, சாதாரணக் காரே போதும், உயரமான வாகனம் எதுவும் தேவையில்லை. ஒரே ஒரு விசயம், காலை ஐந்து மணிக்கே புறப்பட்டுவிடுங்கள். பிந்தினால் என்ன ஆகும் என்பதைக் கீழே சொல்கிறேன்.

ஏறாவூர், செங்கலடி எல்லாம் இருட்டிலேயே போய்விடும், அதில் இழப்பு ஒன்றுமில்லை. வாழைச்சேனை, ஓட்டமாவடி தாண்டி பொலன்னறுவைப் பக்கம் போகிற வீதி பிரிந்த பிறகுதான் பயணமே தொடங்குகிறது. வாகனம் குறைந்துவிடும், கடை குறைந்துவிடும், பற்றைக்காடும் மணலும் மாறி மாறி வரும், கண்ணாடியை இறக்கினால் உப்புக்காற்று. பெற்றோலை வாழைச்சேனையிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள், பிறகு தேடிக்கொண்டு திரிய வேண்டாம்.

பனிச்சங்கேணிப் பாலத்தில் கட்டாயம் நிறுத்துங்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சூரியன் அப்போதுதான் கிளம்பியிருந்தது. வலது பக்கம் கடல், இடது பக்கம் களப்பு, நடுவில் நாங்கள். களப்புக்குள் இடுப்பளவு தண்ணீரில் ஒருவர் வீச்சுவலையோடு நின்றார். வலையின் ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, மிச்சத்தைக் கையில் மடித்து, உடம்பைத் திருப்பி ஒரு வீச்சு, வலை வட்டமாக விரிந்து தண்ணீரில் விழுந்து மறைந்தது. மெதுவாக இழுத்தார். வந்தது நாலைந்து இறாலும் கையளவு மீன் ஒன்றும். மீனை இடுப்பில் கட்டியிருந்த பைக்குள் போட்டார், இறாலைத் தனியாக ஒரு பேணிக்குள் போட்டார், பிறகு பத்தடி தள்ளிப் போய் அடுத்த வீச்சு. தங்கச்சியின் மகன் காருக்குள் ஏற மாட்டேன் என்று அடம்பிடித்தான், வலைக்காரர் கரையேறும் வரைக்கும் நின்று பார்க்க வேண்டுமாம். வாகரை இறாலும் நண்டும் எப்பேர்ப்பட்டவை என்பது மட்டக்களப்பில் எல்லாருக்கும் தெரியும், கொழும்புக்கு ஏறிப் போவதுபோக மிச்சம்தான் நமக்கு.

இந்த வீதியில் போகும்போது வயதானவர்கள் யாரையாவது கூட ஏற்றிக்கொண்டு போக வேண்டும் என்பேன். அப்பா வெருகல் வரும் வரைக்கும் பேசாமல்தான் இருந்தார், பாலத்தைக் கண்டதும் தொடங்கிவிட்டார். "அந்த நாளையில திருமலைக்குப் போறதெண்டா பாதைக்குக் காத்து நிண்டே அரை நாள் போயிரும்." பாதை என்றால் வாகனத்தை ஏற்றி ஆற்றைக் கடக்கிற மிதவைதான். வெருகல், இறால்குழி, கங்கை, உப்பாறு, கிண்ணியா என்று ஒன்றன் பின் ஒன்றாகப் பாதைகள், ஒவ்வொன்றிலும் இறங்கி நின்று ஏறிப் போக வேண்டும். இப்போது எல்லா இடத்திலும் பாலம். அதனால்தான் இதை ஒருநாள் பயணம் என்று எழுதவே முடிகிறது.

வெருகல் ஆறு மகாவலியின் கிளை. ஆற்றங்கரையில் சித்திர வேலாயுத சுவாமி கோயில். அம்மாவோடு போனால் நிறுத்தாமல் போக முடியாது, நிறுத்துவதும் நல்லதுதான், மரநிழலும் ஆற்றுக்காற்றும் உண்டு, ஓட்டுபவருக்கும் கால் நீட்ட ஓர் இடம். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள், கார்த்திகை மார்கழி மழையில் மகாவலி பெருகினால் இந்தப் பக்கம் வீதியையே வெள்ளம் மூடிவிடும். அந்த மாதங்களில் இந்தப் பயணத்தை நினைக்கவே வேண்டாம். சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரைக்கும்தான் சரியான காலம், கடலும் அப்போதுதான் அமைதியாக இருக்கும்.

ஈச்சிலம்பற்று, சேருநுவர, கிளிவெட்டி, தோப்பூர் வரைக்கும் ஒரே வயல். மூதூர்ப் பக்கம் வந்தால் கொட்டியாரக் குடா. 1660இல் றொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர் கப்பலைப் பழுதுபார்க்க வந்து கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டது இங்கேதான், பிறகு ஏறக்குறைய 20 வருடம் மலைநாட்டில் கைதியாக இருந்து 1679இல் தப்பினார். வெள்ளைக்காரன் மரம் என்று அந்த இடத்தைக் காட்டுவார்கள். நாங்கள் போகவில்லை, பின் சீற்றில் பசி தொடங்கிவிட்டது.

கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்தது, 396 மீற்றர். காரில் போகும்போது அந்த நீளம் சட்டென்று முடிந்துவிடும், முடிந்தால் ஒருவரை இறக்கி நடந்து வரச் சொல்லுங்கள். ஆனால் இந்த ஊரில் பாதை என்ற சொல்லைக் கேட்டால் இன்னொரு நினைவும் வரும், 2021 நவம்பரில் குறிஞ்சாக்கேணியில் பாதை கவிழ்ந்து பள்ளிக்கூடம் போன பிள்ளைகளின் உயிர் போனது. அப்பா அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் கதைக்கவில்லை.

இன்னொன்று, கைபேசியில் வரைபடம் போடும்போது அவசரத்தில் தட்டாதீர்கள். கிண்ணியா வேறு, கன்னியா வேறு, இரண்டும் ஒரே மாவட்டம். கன்னியாவுக்கு திருகோணமலை நகரில் இருந்து அனுராதபுர வீதியில் 8 கிலோமீற்றர் அளவு போய், உள்ளே திரும்ப வேண்டும்.

சரி, தண்ணீருக்கு வருவோம்.

உள்ளே போக ஒரு சின்னக் கட்டணம் எடுக்கிறார்கள். வாசலுக்கு முன்னால் வழக்கமான கடைகள், கச்சான், மாங்காய், விளையாட்டுத் துப்பாக்கி, பிளாஸ்ரிக் வாளி. வாளியை வீட்டில் இருந்தே கொண்டு போங்கள். உள்ளே வாளி கிடைக்கும், ஆனால் சனம் கூடினால் ஒருவர் கையில் இருந்து இன்னொருவர் கைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும், காத்திருப்பவர் பார்க்கும் பார்வையில் நீங்கள் நிம்மதியாகக் குளிக்கவும் முடியாது.

கிணறுகள் ஒன்றுக்கொன்று பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஆழம் மூன்று நான்கு அடிதான், அடி தெளிவாகத் தெரியும். இறங்கக் கூடாது, வாளியால் அள்ளி ஊற்ற வேண்டும். சவர்க்காரம், ஷாம்பு எதுவும் கூடாது. ஏழிலும் ஒரே சூடு இல்லை என்பதுதான் இதில் விளையாட்டு. ஒன்றில் கைவிட்டால் வீட்டில் குழந்தைக்கு வார்க்கிற தண்ணீர் போல இதமாக இருக்கும், அடுத்ததில் விட்டால் கை தானாக வெளியே வந்துவிடும், ஆனால் வித்தியாசம் சில பாகைதான். மொத்தத்தில் உடம்புச் சூட்டுக்குப் பக்கத்தில் தொடங்கி 40 பாகை செல்சியஸ் சுற்றுவட்டாரத்தில் நிற்கிற தண்ணீர். கொதிக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள். கொதிப்புத்தான் வேண்டும் என்றால் மகாஓயாவுக்குப் போங்கள், அங்கே உள்ள ஊற்று இதைவிட எவ்வளவோ சூடு, வாளியில் அள்ளி ஆறவைத்துத்தான் ஊற்றலாம்.

நான் எடுத்த எடுப்பில் தலையில் ஊற்றப் போக, பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த ஒரு ஐயா தடுத்தார். "தம்பி, முதல்ல காலுக்கு ஊத்துங்க. பிறகு முழங்காலுக்கு. தலைக்குக் கடைசியாத்தான்." அவர் சொன்னபடியே செய்தேன். பாதத்தில் விழுந்த முதல் வாளி சுடவே இல்லை, முழங்காலில் கொஞ்சம் தெரிந்தது, முதுகில் விழுந்தபோதுதான், மூன்று மணித்தியாலம் ஸ்ரியரிங் பிடித்து வந்த தோள்பட்டை ஒரு முறை தளர்ந்ததை நன்றாக உணர்ந்தேன். அதற்குப் பிறகு வரிசையாக ஏழிலும் அள்ளி ஊற்றினேன், எது சூடு எது ஆறல் என்று தங்கச்சியோடு வாக்குவாதம், அவள் சொல்லும் வரிசை வேறு, நான் சொல்லும் வரிசை வேறு, அம்மா இரண்டு பேரும் பிழை என்றார்.

கந்தக நாற்றம் இருக்கும் என்று யாரோ பயமுறுத்தியிருந்தார்கள், எனக்கு அப்படி ஒன்றும் தெரியவில்லை. நோய் தீருமா என்று கேட்டால், மூட்டுவலிக்கு நல்லது, தோல் வருத்தத்துக்கு நல்லது என்று காலம் காலமாகச் சொல்கிறார்கள். சூடான தண்ணீர் எங்கே ஊற்றினாலும் பிடித்த தசைக்கு இதமாகத்தான் இருக்கும், அதற்கு மேலே நம்பி மருந்தை நிறுத்திவிடாதீர்கள். பிரஷர், இருதய வருத்தம் உள்ளவர்கள் கால் நனைத்து முகம் கழுவினால் போதும். அப்பாவுக்கு அதைத்தான் சொன்னோம், அவர் கேட்கவில்லை என்பது வேறு விசயம்.

தண்ணீர் ஏன் சுடுகிறது என்று மருமகன் கேட்டான். எரிமலையா மாமா என்றான். இலங்கையில் எரிமலையே இல்லை. மழைத்தண்ணீர் பாறை வெடிப்புகளுக்குள்ளால் மிக ஆழத்துக்கு இறங்குகிறது, பூமிக்குள் ஒவ்வொரு கிலோமீற்றர் இறங்க இறங்க வெப்பம் 25, 30 பாகை ஏறும், அங்கே சூடாகிய தண்ணீர் வேறொரு வெடிப்பு வழியாகச் சீக்கிரமாக மேலே வந்துவிடுகிறது, ஆறுவதற்கு நேரம் கிடைப்பதில்லை. கன்னியா, மகாஓயா என்று நம் பக்கத்து வெந்நீரூற்றுகள் எல்லாம் இந்த வகைதான். அம்மா சொன்ன காரணம் வேறு. இராவணன் தாய்க்காகக் கோணேசர் மலையைப் பெயர்க்கப் போனான், அவனைத் திசைதிருப்ப விஷ்ணு கிழவர் வேடத்தில் வந்து உன் தாய் இறந்துவிட்டாள் என்றார், அந்திமக் கிரியைக்குத் தண்ணீர் வேண்டி இராவணன் நிலத்தில் ஏழு இடத்தில் குத்தினான், ஏழு ஊற்றும் பிறந்தன. பையன் இரண்டையும் கேட்டுவிட்டு இராவணன் பக்கம் சாய்ந்துவிட்டான்.

இந்தக் கதை வெறும் கதையாக மட்டும் நிற்கவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன். திருமலைச் சைவச் சனம் இறந்தவர்களுக்கு 31ஆம் நாள் கிரியை செய்ய இன்றைக்கும் இங்கே வருகிறார்கள். நாங்கள் நின்றபோதும் ஒரு குடும்பம் வந்திருந்தது. மொட்டையடித்த மகன், வெள்ளை வேட்டி, வாழையிலை, எள்ளு. அதே நேரத்தில் பத்தடி தள்ளி ஒரு வான் நிறைய வந்த பெடியன்கள் ஆளுக்காள் தண்ணீர் அடித்துக் கூச்சல், செல்பி. யாரையும் குற்றம் சொல்ல வரவில்லை, அவர்களுக்குத் தெரியாது. ஆனால் தெரிந்து போகிறவர்கள் கொஞ்சம் சத்தத்தைக் குறைக்கலாம், அந்தக் குடும்பத்தை நோக்கிக் கமராவை நீட்டாமல் இருக்கலாம். இடத்தின் உரிமை பற்றிய பிரச்சினையும் உண்டு, பழைய பிள்ளையார் கோயில் இருந்த மேடையும் பௌத்தச் சின்னம் என்ற உரிமைகோரலும் 2019இல் திருகோணமலை மேல் நீதிமன்றம் வரைக்கும் போனது. போகிறவர் எந்தப் பக்கத்துக்காரராக இருந்தாலும் அந்தப் பாரம் இடத்தில் தெரியும், பொலிசைக் கண்டாலும் ஆச்சரியப்பட வேண்டாம்.

குறை என்றால் உடுப்பு மாற்றுகிற ஏற்பாடுதான். பெண்கள் ஈர உடுப்போடு நின்று முறை பார்க்க வேண்டியிருந்தது, உள்ளே கொழுவிக்குப் பதில் ஒரு ஆணி, அதில் மூன்று பேருடைய பை. தங்கச்சி கடைசியில் கார்க் கண்ணாடிக்குத் துவாயைக் கட்டிவிட்டு உள்ளேயே மாற்றினாள், அதுதான் சுகம் என்றாள். ஆண்களுக்கு ஒரு சாரம் இருந்தால் பிரச்சினையே இல்லை. தரை வழுக்கும், சின்னப் பிள்ளைகளை ஓட விடாதீர்கள்.

ஏன் ஐந்து மணிக்குப் புறப்படச் சொன்னேன் என்றால், பத்து மணிக்குப் பிறகு இரண்டு விசயம் நடக்கும். பஸ் பஸ்ஸாகச் சுற்றுலாச் சனம் வரும், அது ஒன்று. மற்றது வெயில். திருமலை வெயிலில் உச்சிப்பொழுதில் வெந்நீரை அள்ளித் தலையில் ஊற்றுவது சுகமில்லை, தண்டனை. காலை எட்டரைக்கு, உடம்பில் இன்னும் குளிர்ச்சி இருக்கும்போதுதான் அந்தத் தண்ணீரின் அருமை தெரியும். சிலர் முதலில் நிலாவெளியில் கடல் குளித்துவிட்டு உப்புப் போகக் கன்னியாவுக்கு வரச் சொல்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. மணலும் உப்புமாக வந்து அந்தச் சனத்துக்குள் சவர்க்காரமும் இல்லாமல் எவ்வளவு நேரம் ஊற்றுவது? கன்னியா முதல், கடல் பிறகு, கடற்கரை விடுதிகளில் காசு கொடுத்து நல்ல தண்ணீரில் கழுவிக்கொள்ளலாம்.

கன்னியாவில் சீக்கிரம் முடிந்துவிட்டால் அதே அனுராதபுர வீதியில் இன்னும் சில கிலோமீற்றர் போய் வெல்கம் விகாரையைப் பாருங்கள். நம் ஆட்கள் நாதனார் கோயில் என்பார்கள். சோழர் காலத்தில் இதற்கு இராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர், அந்தக் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் அங்கே கிடைத்திருக்கின்றன, தமிழர்கள் கொடை கொடுத்துப் பேணிய பௌத்தப் பள்ளி. பக்கத்தில் நடக்கிற சண்டையை நினைத்துக்கொண்டு அந்தக் கல்வெட்டின் முன்னால் நின்றால் சிரிப்பும் வரும், கவலையும் வரும். சனம் கிட்டத்தட்ட இல்லை, நிழல் நிறைய.

கோணேசர் கோயில் பற்றித் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை, எல்லாரும் போவீர்கள். கோட்டைக்குள் மான்கள் காருக்குக் கிட்ட வரும், தின்ன ஒன்றும் கொடுக்காதீர்கள், பிளாஸ்ரிக் பையையும் சேர்த்து விழுங்கிவிடும். மேலே இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவுக்குப் பக்கத்தில் நின்று கீழே கடலைப் பார்த்தால் காலையில் குளித்த தண்ணீரின் கதை முழுவதும் ஒரு கோட்டில் வந்துவிடும். மதிய நேரம் தரை சுடும், செருப்பில்லாமல் நடக்க வேண்டும், ஆகவே அதையும் பதினொரு மணிக்கு முன் முடியுங்கள் அல்லது பின்னேரத்துக்குத் தள்ளுங்கள்.

சாப்பாட்டில்தான் பிழை விட்டோம். கடற்கரைப் பக்கம் ஒரு கடை, பெயர் வேண்டாம், வெளிநாட்டுக்காரருக்கு என்றே வைத்த விலை, நாங்கள் கேட்ட சோறு கறி வர ஒரு மணித்தியாலத்துக்கு மேல், வந்த மீன் துண்டு மெல்லிய கடதாசி. நகருக்குள் சனம் நிறைந்த சாதாரணச் சோற்றுக் கடையில் இறங்குங்கள், அல்லது வீட்டில் இருந்து சோத்துப் பார்சல் கட்டிப் போங்கள், நிலாவெளியில் மர நிழலுக்கு குறைவில்லை. புறாமலைத் தீவுக்கு போட் எடுப்பதை இந்தப் பயணத்தில் சேர்க்காதீர்கள், அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும்.

திரும்பும்போது மூன்று மூன்றரைக்காவது புறப்பட்டுவிடுங்கள். இருட்டினால் வாகரைப் பக்கம் மாடுகள் சூடான தாரில் வந்து படுத்துக்கொள்ளும், கறுப்பு மாடு கறுப்பு வீதியில் கிட்டப் போகும் வரைக்கும் தெரியாது, சேருநுவரப் பக்கம் யானையும் வரலாம். வரும் வழியில் கிண்ணியாவிலோ மூதூரிலோ எருமைத் தயிர் வாங்குங்கள். சட்டியைச் சரித்துப் பார்த்து, தண்ணீர் விடாமல் கெட்டியாக நிற்கிறதை எடுங்கள். காரில் வைக்கும்போது சீற்றில் வைக்காதீர்கள், கால் வைக்கும் இடத்தில் ஈரத் துவாயைச் சுருட்டி அதற்கு நடுவில் வையுங்கள். கன்னியாவில் நனைந்த துவாய் அதற்குச் சரியாக இருக்கும்.